கயிற்றைச் சுருட்டிய கை

துப்பறியும் தொழிலில் இருப்பவனுக்கு ஹெல்மெட் ஒரு கௌரவக் குறைச்சல் என்று சவுரியப்பன் ஐந்து வருடமாகச் சொல்லி வந்தான். பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்காரர் தீர்த்தகிரியின் வீட்டு கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டான்.

"தலை! தலை!"

மேலிருந்து குரல் வந்தது. படித்தவன் இல்லையா, என்ன ஏது என்று அண்ணாந்து பார்த்தான். கண் நிறைய மரத்தூள் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடினான். அவன் ஓடிய இடத்துக்கே தேடி வந்து, கட்டைவிரல் தடிமனில் ஒரு காய்ந்த கிளை அவன் மண்டையில் இறங்கியது.

பாதி வெட்டிய தூங்குமூஞ்சி மரத்திலிருந்து ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று இறங்கி வந்தான். பெயர் சந்துரு. மரம் வெட்டும் குழுவில் இரண்டாம் ஆள்.

"சார், 'தலை'ன்னா மேல பாக்கக் கூடாதுங்க. தலையக் குனிஞ்சிக்கிட்டு அடிமரத்துக்கு ஓடி வந்துரணும். கிளை எப்பவும் வெளிப்பக்கமாத்தான் வுழும்."

"மேல இருந்து மரம் விழுதுன்னா, நான் மரத்துக்கிட்டயே ஓடி வரணுமா? எந்த ஊரு நியாயம்யா இது?"

"பழக்கந்தாங்க. ரெண்டு மாசம் கூட இருந்தா ஒடம்பு தானா ஓடியாரும்."

"எனக்கு அவ்ளோ லீவு கெடையாது" என்று சொல்லிவிட்டு சவுரியப்பன் மண்டையைத் தடவினான்.

பின்னால் ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டு நிதானமாக வந்தார் பாரதி மேடம். வயது ஐம்பத்து மூன்று. தர்மபுரி கோர்ட்டில் இருபத்தெட்டு வருடம் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து, ஊரிலுள்ள பொய்யெல்லாம் கேட்டு முடித்தவர். சம்பளத்துக்குக் கேட்டது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தார். வரும் கேஸில் முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே யாராவது உண்டா, அவ்வளவுதான். கொலை, கொள்ளை என்று வரும் என்று நம்பிச் சேர்ந்த சவுரியப்பனுக்கு இன்றைக்குத்தான் ஒரு திருட்டாவது கிடைத்திருக்கிறது. அதிலும் முதல் அடி அவனுக்கே விழுந்தது.

"சவுரி, சாகலையே?"

"இல்ல மேடம்."

"அப்ப வா. வேலை இருக்கு."

அன்று காலை எட்டு மணிக்கு எழிலரசி என்ற பெண் அவர்கள் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். ஏரியூர் பக்கம். அவள் கணவன் சின்னராஜ்தான் இந்தக் குழுவுக்குத் தலைவன். கிரேன் நுழையாத சந்தில், ஓட்டு வீட்டை ஒட்டி நிற்கிற ராட்சச மரத்தைக்கூட உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்குகிறவன். ஒரு ஓடு உடையாது. பதினெட்டு வருடமாக இதே வேலை.

நேற்று மத்தியானம் தீர்த்தகிரி வீட்டு மாடி அறையிலிருந்து வீட்டின் மூலப்பத்திரம் காணாமல் போனது. அறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி தீர்த்தகிரியின் இடுப்பில் இருந்தது. ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அந்த ஜன்னலுக்குப் போக ஒரே வழி மரம். அந்த நேரத்தில் மரத்தில் இருந்த ஒரே ஆள் சின்னராஜ். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் ஓட்டலுக்குப் போக, அவன் மட்டும் உச்சிக் கவட்டில் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தூங்கினானாம். மரமேறிகளுக்கு இது வழக்கமாம். போலீஸ் கேட்டதற்கு, "மேலதான் இருந்தேன். தூங்கிட்டேன். யாரையும் பாக்கல" என்று சொல்லியிருக்கிறான். இத்தனை வசதியான வாக்குமூலம் கிடைத்தால் எந்த எஸ்.ஐ. வேறு ஆளைத் தேடுவார்? சாயங்காலம் ஐந்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டு போகிறார்கள்.

"அடிச்சாக்கூட ஆறிப்போயிரும் மேடம்" என்று எழிலரசி சொன்னாள். "திருடன்னு பேர் வந்துட்டா எவன் அவர காம்பவுண்டுக்குள்ள வுடுவான்? நாங்க வெட்டற மரமெல்லாம் வூட்டோரந்தான இருக்குது?"

பாரதி மேடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

தீர்த்தகிரி வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க மேடம், வாங்க சார்! உங்க ஆபீஸ் குடுத்த ரிப்போர்ட்டாலதான எனக்குத் தங்கமான மாப்பிள்ள அமைஞ்சாரு! ரெண்டு வருசத்துல ஒரு குறை சொல்ல முடியாது."

சவுரியப்பன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். அந்த ரிப்போர்ட்டை எழுதியது அவன்தான். ஏழு பக்கம். 'மாப்பிள்ளை அறிவழகன், கோயம்புத்தூரில் லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர்' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தான். அந்த மாப்பிள்ளையே இப்போது கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த வெள்ளைச் சட்டையில், செல்போனும் கையுமாக வராந்தாவில் நின்று புன்னகைத்தார். மாமனாரின் மண்டி லாரிகளை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"திருட்டுப் பய அகப்பட்டுட்டான், நீங்க எதுக்கு மேடம் வெயில்ல அலையிறீங்க?" என்றார் அறிவழகன்.

"எங்களுக்கு வெயில் பிடிக்கும்" என்றார் பாரதி மேடம். "ஏங்கய்யா, மரமேறிக்கு உங்க வீட்டுப் பத்திரம் எதுக்கு? போர்த்திக்கவா?"

தீர்த்தகிரிக்கு முகம் சுருங்கியது. "எம் பங்காளி தூண்டி வுட்டிருக்கான் மேடம். திங்கக்கிழம இந்த வூட்ட எம் மவன் பேருக்கு எழுதறதா இருந்தேன். மூலப்பத்திரம் இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நுழைய முடியுமா? அந்த வயித்தெரிச்சல் புடிச்சவன் வேலதான்."

"நேத்து மத்தியானம் வீட்ல யார் யார்?"

மகனும் பெண்கள் எல்லாரும் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார்கள். இருந்தது மூன்றே பேர். தீர்த்தகிரி ஹாலில் தூங்கினார். மாப்பிள்ளை பின்கட்டில் போன் பேசினார். டிரைவர் காளியன் முன்பக்கம் கார் கழுவினான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூவருக்கும் மரம் ஏறத் தெரியாது என்று மூவரும் சத்தியம் செய்தார்கள்.

காளியன் சித்தேரி மலைக்காரன் என்று கேள்விப்பட்டதுமே சவுரியப்பனின் மூளை முந்திக்கொண்டது. மேடத்தின் காதில் கிசுகிசுத்தான். "மலைக்காரன் மேடம். தேன் எடுக்க, புளி உலுக்கன்னு பொறந்ததிலிருந்து மரத்துலதான் இருந்திருப்பான். கேஸ் முடிஞ்சுது. வாங்க, டீ சாப்பிடலாம்."

"உங்க அப்பா நாகப்பட்டினத்துக்காரர்தானே?"

"ஆமா மேடம்."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

சவுரியப்பன் டீயை மறந்துவிட்டுப் பின்னால் நடந்தான்.

ஜன்னலைக் கீழிருந்து பார்த்தார்கள். கம்பி இல்லாத ஜன்னல். அதற்கு நேர் கீழே அகலமான தண்ணீர்த் தொட்டி இருந்ததால் ஏணி வைக்க இடமில்லை. தொடை தடிமனில் ஒரு கிளை மட்டும் சன்ஷேடு வரை நீண்டிருந்தது. அந்தக் கிளைக்குக் கீழே, அடிமரத்தில் வெட்டிவிட்ட ஒரு முண்டில், வட்டமாகச் சுருட்டிய நைலான் கயிறு ஒன்று தொங்கியது. வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. கடைசி நுனியை அந்தச் சுருணையின் நடுவில் மூன்று சுற்று சுற்றி, வளையத்துக்குள் விட்டு இழுத்து முடித்திருந்தது. கடையில் விற்பனைக்கு வைத்ததுபோல அத்தனை சுத்தம்.

"இது யார் கயிறு?"

"எங்க ஸ்பேர் கயிறுதாங்க" என்றான் சந்துரு. "நாங்க சாப்புடப் போவயில மூட்டையிலதான் இருந்துச்சு. வந்து பாத்தா இப்படித் தொங்குது. அண்ணன்தான் எடுத்திருப்பாருன்னு வுட்டுட்டேன். அப்பறம் போலீஸ் வந்துட்டாங்களா, நா தொடவே இல்ல."

"எஸ்.ஐ. பாத்தாரா?"

"பாத்தாருங்க. 'மரமேறி கயிறு மரத்துல இல்லாம எங்கடா இருக்கும்'னாரு."

"அறிவாளி" என்றான் சவுரியப்பன். "பிரமோஷன் வரும்."

பாரதி மேடம் சந்துரு இறங்கி வந்த கயிற்றைக் காட்டினார். "இதை எடுத்து வை, பாக்கலாம்."

சந்துரு காலி சிமெண்ட் மூட்டையின் வாயை விரித்து, கயிற்றின் ஒரு நுனியை உள்ளே போட்டு, மீதியைக் கை கையாகத் திணிக்க ஆரம்பித்தான். அரை நிமிடத்தில் முப்பது மீட்டர் கயிறும் மூட்டைக்குள் போய்விட்டது.

"என்னய்யா, தலகாணிக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைக்கிற?" என்றான் சவுரியப்பன்.

"நைலான் இப்படித்தாங்க வெக்கணும். சுருட்டுனா முறுக்கு ஏறிக்கும். அவசரத்துக்கு எடுத்தா சிக்கு வுழும். மேல ஒருத்தன் தொங்கறப்ப கீழ சிக்கு எடுத்துட்டு இருக்க முடியுமா? இப்படித் திணிச்சி வெச்சா இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கும். சுருட்டுனா அண்ணன் கையிலயே போடுவாரு."

"அப்ப யாருமே சுருட்டறது இல்லையா?"

"முன்ன தேங்காநார்க் கயிறு இருந்தப்ப சுருட்டித் தொங்கப் போடுவாங்களாம். ஈரம் காயணுமில்ல? நா வந்து அஞ்சு வருசம் ஆவுது, நார்க் கயிற தொட்டதே இல்லீங்க."

பாரதி மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். கோர்ட்டில் சாட்சி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் நேரத்தில் இப்படித்தான் துடைப்பாராம்.

"சவுரி, சாதாரணத் திருடன் கயிறு போட்டு ஏறி இறங்கினா கயித்தை என்ன பண்ணுவான்?"

"அப்படியே போட்டுட்டு ஓடுவான்."

"இந்தக் குழு ஆளுன்னா?"

"மூட்டையில அடைப்பான்."

"இவன் சுருட்டி மாட்டியிருக்கான். அவசரத்துலயும் கை பழைய வேலையைச் செஞ்சிருக்கு. நார்க் கயிறு காலத்துல மரம் ஏறினவன். நைலான் வர்றதுக்கு முன்னாலயே தொழிலை விட்டவன்."

"அப்ப சின்னராஜ் இல்ல" என்றான் சவுரியப்பன். "ஆனா மேடம், இத நான் எஸ்.ஐ.கிட்டச் சொன்னா, அதே கயித்தை எங்கழுத்துல மாட்டுவாரு. எவன் ஏறினவன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூணு பேரும் சத்தியம் பண்ணிட்டாங்களே? நான் இப்பவும் காளியன்னுதான் சொல்றேன்."

"வாய் சத்தியம் பண்ணும், சவுரி" என்று சொல்லிவிட்டு மேடம் சந்துருவைத் தனியே அழைத்துப் போய் ஏதோ பேசினார். சந்துரு தலையாட்டிவிட்டு மறுபடி மரத்தில் ஏறினான்.

பத்து நிமிடம் கழித்து மூன்று பேரும் மரத்தடிக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

"ஒண்ணுமில்லங்கய்யா. நேத்து யார் எந்தப் பக்கம் இருந்தீங்கன்னு குறிச்சிக்கறேன், கோர்ட்டுக்கு வேணும். நீங்க இப்படி. மாப்பிள்ளை, நீங்க அங்க. காளியன், நீ அந்தப் பக்கம்." அடிமரத்திலிருந்து ஆளுக்குப் பத்தடி தூரத்தில் நிறுத்தினார். நோட்டைத் திறந்தார். பேனாவைத் தேடினார். கைப்பைக்குள் வெகு நேரம் தேடினார்.

"தலை! தலை!"

மேலே கிளை முறிகிற சத்தத்தோடு குரல் வந்தது.

தீர்த்தகிரி இரண்டு கையையும் மண்டையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, சாமி!" என்று வீட்டுக்குள் ஓடினார். காளியன் வாயைப் பிளந்து மேலே பார்த்தான். திறந்த வாயில் மரத்தூள் போய் இருமத் தொடங்கினான். மலைக்காரன் என்று பேர்தான். சவுரியப்பன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? மறுபடி அண்ணாந்து பார்த்தான், மறுபடி கேட்டுக்கு ஓடினான். மனிதன் அனுபவத்தில் பாடம் கற்கிறான் என்பதெல்லாம் சும்மா.

மாப்பிள்ளை அறிவழகன் மேலே பார்க்கவில்லை. குரல் கேட்ட நொடியில் தலை குனிந்தது. இரண்டே தாவலில் அடிமரத்துக்குப் போய், தோளை மரத்தில் அழுத்தி, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையில் மரப்பிசின் அப்பியது.

மேலிருந்து விழுந்தது ஒரு கைப்பிடி சுள்ளி. சந்துரு இன்னொரு சுள்ளியை ஒடித்துக் காட்டிச் சிரித்தான்.

மாப்பிள்ளைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"யாரா இருந்தாலும் இப்படித்தானே மேடம்..." என்று ஆரம்பித்தார்.

"யாரா இருந்தாலும் எப்படின்னு அதோ கேட்டுக்கிட்ட நிக்குதே, பாருங்க" என்றார் பாரதி மேடம். "எத்தனை வருஷம் ஏறினீங்க, அறிவழகன்?"

"நானா? நான் கோயம்புத்தூர்ல லாஜிஸ்டிக்ஸ்..."

"மரத்தை உச்சியிலிருந்து தரைக்கு அனுப்பறதும் லாஜிஸ்டிக்ஸ்தான்" என்றான் கேட்டிலிருந்து திரும்பி வந்த சவுரியப்பன். சொன்ன பிறகுதான் அவனுக்கு அந்த ஏழு பக்க ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. அடிக்கோடும் ஞாபகம் வந்தது.

இருமி முடித்த காளியன் அப்பாவியாகக் கேட்டான். "ஐயா, நேத்து சாயங்காலம் ஸ்டெப்னிய நானே பாத்துக்கறேன்னு டிக்கிய தொறந்தாரே மாப்பிள்ள, அது எதுக்குங்க? டயரக் கையால தொட்டதே கெடையாதே அவரு?"

கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில், பாலித்தீன் கவரில் மூலப்பத்திரம் பத்திரமாக இருந்தது.

தீர்த்தகிரி பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளுக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் மகனுக்கே எழுதினால் எப்படி என்று மாப்பிள்ளை முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. சவுரியப்பனைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"ஏழு பக்கம் எழுதுனீங்களே சார்?"

சவுரியப்பன் மரத்தை ரசிக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மண்டிக்காரர் தெளிந்தார். "சரி மேடம். பொருள் கெடச்சிருச்சு. வூட்டு விசயம் வெளிய போவ வேணாம். புகார வாபஸ் வாங்கிக்கறேன், அந்த மரமேறிய வுட்டுருவாங்க. முடிஞ்சுது."

"முடியலை" என்றார் பாரதி மேடம். குரல் உயரவில்லை. "நீங்க வாபஸ் வாங்கினா, 'பெரிய மனுஷன் பாவம் பாத்து விட்டுட்டாரு'ன்னுதான் ஊர் பேசும். அவன் திருடனாவேதான் இருப்பான். சின்னராஜ் எடுக்கலைன்னு எழுதணும். எடுத்தது யாருன்னும் எழுதணும். மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நீங்களே ஸ்டேஷனுக்கு வரணும். இல்லன்னா உங்க பங்காளி வீட்டுக்கு நான் நேரா போறேன். அவருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்."

பங்காளி என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை தர்மநியாயத்துக்குக் கிடையாது. தீர்த்தகிரி செருப்பைத் தேடினார்.

தீர்த்தகிரி எழுதிக் கொடுத்த பிறகு, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது சின்னராஜை வெளியே விட்டார்கள். "எனக்கு அப்பவே டவுட்டுதான்" என்றார் எஸ்.ஐ. தெரியும் சார், தெரியும் என்று சவுரியப்பன் மனதுக்குள் சல்யூட் அடித்தான். நேற்று மாலையிலிருந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியிலேயே இருந்துவிட்டு, காலையில் பஸ் பிடித்துப் போய் ஆள் கூட்டி வந்த எழிலரசி, கணவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுகை அடங்கும்வரை பாரதி மேடம் காத்திருந்தார். பிறகு கேட்டார். "நீ தூங்கலை. இல்லையா சின்னராஜ்?"

சின்னராஜ் தரையைப் பார்த்தான்.

"அந்தச் சுருணையைப் பாத்தா உனக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் உங்கூட ஏறினவன்தானே?"

"ஏழு வருசம் ஒண்ணா ஏறுனோமுங்க" என்றான். "ஏரியூர்ல ஒரு இலுப்ப மரத்துல எனக்குக் கால் வழுக்கிருச்சு. கீழ கயிறு புடிச்சிருந்தது அவன். நார்க் கயிறு மேடம், உள்ளங்கைத் தோலு மொத்தமா உரிஞ்சி போச்சு. அவன் வுடல. நா தரைக்கு வந்தப்பறந்தான் கைய விரிச்சான். அதோட தொழிலயும் வுட்டுட்டான். அந்த மண்டிக்காரர் வூட்ல அவன மாப்பிள்ளையாப் பாத்ததும் நா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. பொழச்சிட்டுப் போறான்னு இருந்தேன். நேத்து ஜன்னல்லருந்து திரும்பயில மேல என்னப் பாத்துட்டான். கையெடுத்துக் கும்புட்டான். நா கண்ண மூடிக்கிட்டேன்."

"திருட்டுப் பட்டம் உன் தலையில விழும்னு தெரியாதா?"

"போலீசு புடிச்சா அவனே வந்து சொல்லிருவான்னு நெனச்சேங்க. நேத்து ராத்திரி வருவான்னு பாத்தேன். காலையில வருவான்னு பாத்தேன்."

அப்போதுதான் தீர்த்தகிரி வெளியே வந்து, அதுவரை காரிலேயே உட்கார வைத்திருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அறிவழகன் பிசின் படிந்த சட்டையோடு இறங்கி, ஸ்டேஷன் படி ஏறும்போது சின்னராஜைக் கண்டு நின்றார். சின்னராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சவுரியப்பனுக்குத் தோன்றியது. மாமனார் முதுகில் கை வைத்துத் தள்ள, அறிவழகன் உள்ளே போனார்.

எழிலரசி கணவன் கையை விட்டுவிட்டாள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றாள். "நா அந்த எஸ்.ஐ. கால்ல வுழுந்தேன். ரைட்டர் கால்ல வுழுந்தேன். அந்த மண்டிக்காரன் வூட்டு வாசல்ல போயி நின்னேன். அவன்தான், உங்கூட்டாளிதான் வெளிய வந்து, 'திருட்டுப் பய பொண்டாட்டி, போடி'ன்னான். உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"எழிலு..."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? நானும் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேனே. உனக்கோசரம் இருந்திருக்க மாட்டனா?"

பதினெட்டு வருடம் உச்சியில் நின்று பழகிய ஆள், ஸ்டேஷன் வாசல் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊருக்குப் போகிற பென்னாகரம் பஸ் ஹாரன் அடித்தது. எழிலரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.